மேல்மாடியில் கேட்ட சிரிப்பு

ஊருக்கு ஒதுங்கிய பழைய மாளிகை. அதைச் சுற்றிலும் பனி மூடிய வெளி. நள்ளிரவில் நடைக்கூடத்தில் காலடியோசை. மெழுகுவத்தி ஏந்தி நடுங்கி நிற்கும் நங்கை. பூட்டிய அறை, அதன் சாவியை ஒளித்து வைத்திருக்கும் சீமான், வாய் திறக்க அஞ்சும் வேலையாட்கள். இந்தச் சரக்குகளைக் கொண்டு ஆங்கில நாட்டில் எழுதிக் குவிக்கப்பட்ட நவீனங்கள் ஒன்றா, இரண்டா? 1764-ஆம் ஆண்டின் இறுதியில், முதலமைச்சராக இருந்தவரின் மகனான ஹொரேஸ் வால்போல், 'ஒட்ராண்டோக் கோட்டை' என்ற கதையை வெளியிட்டு இந்த வாணிபத்தைத் தொடங்கி வைத்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1794-இல், ஆன் ராட்கிளிப் அம்மையார் 'உடால்போ மர்மங்கள்' எழுதி அதைச் செழிக்கச் செய்தார். இலக்கிய வரலாற்றார் இவற்றைக் 'காதிக்' நவீனங்கள் என்பர்.

"பகுத்தறிவு பேசும் நமக்குப் பேய் மாளிகைக் கதைகளோடு என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். முறையான கேள்விதான். பேயை நம்பச் சொல்லும் ஏட்டை ஒதுக்கித் தள்ளுவதில் தவறொன்றுமில்லை. ஆனால் பேயை விசாரிக்கும் ஏடும் உண்டு. அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் இழப்பு நமக்கே. அத்தகைய ஏடு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்வோம். சார்லட் பிராண்டி அம்மையார் எழுதிய 'ஜேன் அயர்' என்பது அதன் பெயர். 1847-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் இலண்டனில் வெளிவந்தது. ஏட்டில் அச்சிடப்பட்ட பெயர் 'கரர் பெல்' என்பது. பெண்ணின் பெயரைக் கண்டால் ஏட்டை ஏளனமாகப் பார்க்கும் காலம் அது. 1837-இல் அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே, இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்று இதே சார்லட்டுக்குக் கடிதம் எழினார் என்றால், அந்த நாளின் மனப்போக்கு விளங்கும். ஆண் பெயரா பெண் பெயரா என்று அறிய முடியாத ஒரு பெயருக்குள் புகுந்துகொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார் அந்தப் பாதிரியாரின் மகள்.

விளக்கொளியும் வேட்டை நாயும்

கதைத் தலைவி ஜேன், பெற்றோரை இழந்தவள். மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமன் இறந்துவிட, மாமி அவளைச் சுமையாகக் கருதுகிறாள். பத்து வயதில், அடித்த மாமி மகனை எதிர்த்துத் திருப்பித் தாக்கிய குற்றத்துக்காக, மாமன் உயிர்விட்ட சிவப்பு அறையில் அவளைப் பூட்டிவிடுகின்றனர். இருட்டுகிறது. சுவரில் ஓர் ஒளி அசைகிறது. மாமனின் ஆவி வருகிறது என்று எண்ணி அலறி, மயங்கி விழுகிறாள் சிறுமி.

பேய்க் கதைக்காரனாக இருந்தால் இந்த இடத்தில் ஆவிக்கு ஒரு முகம் கொடுத்திருப்பான். சார்லட் அதைச் செய்யவில்லை. கதையைச் சொல்லும் வளர்ந்த ஜேனின் வாயாலேயே, அது வெளியே புல்வெளியில் யாரோ ஏந்திச் சென்ற விளக்கின் ஒளியாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். ஆக, சிறுமியை மயங்க வைத்தது ஆவியன்று. ஆவி உண்டு என்று கற்பித்த பெரியவர்களும், கதவைப் பூட்டிய கைகளுமே அவளை மயங்க வைத்தன.

பின்னர் பதினெட்டு வயதில் அவள் தார்ன்பீல்டு மாளிகைக்கு வீட்டாசிரியையாகச் செல்கிறாள். ஒரு குளிர்கால மாலையில், கடிதத்தை அஞ்சலில் சேர்க்கத் தனிவழி நடக்கும்போது குதிரையின் குளம்போசை கேட்கிறது. பெரிய நாய் உருவெடுத்து வழிப்போக்கரை மறிக்கும் 'கைட்ராஷ்' என்ற நாட்டுப்புறப் பேயைப் பற்றித் தாதி சொன்ன கதை நினைவுக்கு வருகிறது. சொல்லி வைத்தாற்போல் நாயும் வருகிறது! அடுத்த நொடியில் குதிரை மேல் ஒரு மனிதன் தெரிகிறான், பேயின் மீது மனிதன் சவாரி செய்வதில்லை, மாயை கலைகிறது. வந்தது வீட்டு உடைமையாளன் ரோச்செஸ்டர். நாய் அவன் வளர்ப்பு நாய். பனிக்கட்டியில் குதிரை வழுக்கி அவன் விழ, பேயென்று அஞ்சிய பெண்ணே கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. இருண்டது எது என்று அருகில் சென்று பார் என்பது இந்த நவீனம் சேர்க்கும் பாடம். முதலில் அச்சம், பிறகு ஆராய்ச்சி, அதன்பின் உண்மை என்ற ஒழுங்கில் இருமுறை நம்மைப் பழக்கிவிட்டுத்தான், மூன்றாவதாகத் தார்ன்பீல்டின் மேல்மாடிக்கு அழைத்துச் செல்கிறார் ஆசிரியை.

பூட்டிய கதவுக்குப் பின்னால்

வீட்டைக் கவனித்துக்கொள்ளும் பேர்பாக்ஸ் அம்மையார் மேல்மாடியைச் சுற்றிக் காட்டும்போது, இந்த மாளிகையில் பேய் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் உலவும் என்கிறார். பேய் உண்டா என்று ஜேன் கேட்க, கேள்விப்பட்டதில்லை என்கிறார். அதன்பின் சிறிது நேரத்தில் கேட்கிறது ஒரு சிரிப்பு. உருவமில்லாத, மகிழ்ச்சியில்லாத சிரிப்பு. கிரேஸ் பூல் என்ற வேலைக்காரியின் சிரிப்பு அது என்று பதில் வருகிறது. ஒரு நள்ளிரவில் ரோச்செஸ்டரின் படுக்கை தீப்பற்றி எரிகிறது. ஜேன் தண்ணீர் கொட்டி அவன் உயிரைக் காக்கிறாள். அதற்கும் கிரேஸ் பூல்தான் காரணம் என்கின்றனர். தீ வைத்தவள் என்றால் வேலையிலிருந்து ஏன் நீக்கவில்லை? அவளுக்கு மட்டும் மற்ற வேலையாட்களைவிட மிகுதியான ஊதியம் ஏன்? ஜேன் கேட்கிறாள், விடை இல்லை. கேட்கக் கேட்க வேலையாட்களின் பேச்சு நின்றுபோகிறது.

ரோச்செஸ்டருக்கும் ஜேனுக்கும் காதல் மலர்கிறது. மணமேடையில், இந்த மனிதனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொல்கிறார். அவளே பெர்த்தா மேசன். ஜமைக்காத் தீவில் பிறந்தவள். பித்துப் பிடித்தவள் என்று கூறி, பத்து ஆண்டுகளாக மேல்மாடி அறையில் அடைத்து வைக்கப்பட்டவள்.

இந்த இடத்தில்தான் சார்லட் தம் முன்னோரைத் தாண்டுகிறார். ராட்கிளிப் அம்மையாரும் பேயை நம்பச் சொன்னவரல்லர். அவருடைய நவீனத்தில் கருந்திரைக்குப் பின்னால் இருந்து கதைத் தலைவியை மயங்கி விழச் செய்தது மெழுகுப் பொம்மை என்று கடைசியில் தெரியும். ஜேன் ஆஸ்டினோ இந்த வகை நவீனங்களையே எள்ளி நகையாடினார். 1817-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அவருடைய 'நார்தாங்கர் அபே'யில், நள்ளிரவில் பழைய அலமாரியைத் திறந்து மர்ம ஏட்டைக் கண்டெடுக்கும் பெண், விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு! ஒருவர் திரையை விலக்கி மெழுகைக் காட்டினார். மற்றவர் அலமாரியைத் திறந்து சலவைக் கணக்கைக் காட்டினார். இரண்டு இடத்திலும் பேயும் இல்லை, பாதிக்கப்பட்டவரும் இல்லை. சார்லட் கதவைத் திறந்தார். உள்ளே உயிருள்ள மனிதப் பிறவி இருந்தது.

பகுத்தறிவாளர் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இது. பேய் இல்லை என்று மெய்ப்பித்துவிட்டால் நம் வேலை முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். அது பாதி வேலை. பேய் இல்லையென்றால் அழுதது யார்? சிரித்தது யார்? அந்தக் குரலுக்குப் பேயென்றும் வேலைக்காரியென்றும் பெயர் சூட்டியதால் ஆதாயம் அடைந்தவர் யார்? இந்தக் கேள்விகள் மறுபாதி.

முப்பதாயிரம் பவுன்

பெர்த்தாவை அந்த அறைக்குக் கொண்டுவந்தது எது? விதியா? இல்லை, சொத்து.

ரோச்செஸ்டரின் தந்தை நிலத்தைப் பிரிக்க மனமில்லாதவர். முழுவதையும் மூத்த மகனுக்கு வைத்துவிட்டார். இளைய மகன் ஏழையாக இருப்பதும் குடும்பத்துக்கு இழிவு. ஆகவே ஜமைக்காவின் தோட்ட முதலாளி மேசனின் மகளைப் பேசினார்கள். அவளோடு வந்த தொகை 30,000 பவுன். இளைஞனுக்குத் தொகையைச் சொல்லாமல் பெண்ணின் அழகை மட்டும் சொல்லி அனுப்பினார் தந்தை. பெண் வீட்டாரோ அவள் தாய் பித்துப் பிடித்து அடைபட்டிருப்பதை மறைத்தனர். இரண்டு குடும்பங்கள் பணத்தையும் குலப்பெருமையையும் பண்டமாற்றுச் செய்தன; இரண்டு இளைய உயிர்கள் அதற்கு விலையாயின.

மணமான பெண்ணின் சொத்து கணவனைச் சேரும் என்பது அந்த நாளைய ஆங்கிலச் சட்டம். 1870-ஆம் ஆண்டுச் சட்டமும் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பிறகே அந்த நிலை மாறியது. மணமுறிவோ, 1857 வரை நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்றிப் பெற வேண்டிய செல்வர் வீட்டுப் பண்டம். தீராத மனநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றது 1937-ஆம் ஆண்டுச் சட்டந்தான். ஆக, ரோச்செஸ்டரும் சட்டத்தின் கைதி என்பது உண்மை. ஆனால் இரு கைதிகளும் ஒரே சிறையில் இல்லை. அவன் ஐரோப்பிய நகரங்களில் ஆசைநாயகியரோடு உலவினான். அவள் சன்னலில்லாத அறையில் கிடந்தாள். அவளுடைய 30,000 பவுன் மட்டும் சுதந்தரமாக இருந்தது!

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். குழந்தைக்குக் கல்வி கற்பிக்க ஜேனுக்குக் கிடைத்த ஊதியம் ஆண்டுக்கு 30 பவுன். உண்மை வெளிப்பட்ட பிறகு, மனைவியைத் தொடர்ந்து காவல் காக்கக் கிரேஸ் பூலுக்குத் தருவதாக ரோச்செஸ்டர் சொல்வது ஆண்டுக்கு 200 பவுன். பள்ளியில் பணியாற்றும் எவரும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அறிவு புகட்டும் கைக்கு முப்பது. பூட்டுப் போடும் கைக்கு இருநூறு!

பட்டுடுத்தியவர் சொன்ன எளிமை

இந்த நவீனத்தின் சினம் மாளிகையோடு நிற்கவில்லை. ஜேன் எட்டு ஆண்டுகள் வாழும் லோவுட் பள்ளியைப் பாருங்கள். ஆதரவற்ற சிறுமியருக்கான அறப்பள்ளி அது. கருகிய கஞ்சி, குளிரில் உறைந்த தண்ணீர், போதாத ஆடை. ஒருநாள் கருகிய உணவுக்கு மாற்றாகப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பாலடைக்கட்டியும் கொடுத்ததற்காக, அதன் தலைவர் பிராக்கில்ஹர்ஸ்ட் பாதிரியார் ஆசிரியையைக் கடிந்துகொள்கிறார். உடலுக்கு உணவிட்டால் ஆன்மா பட்டினி கிடக்குமாம்! இயற்கையிலேயே சுருண்ட முடியுடைய சிறுமியின் கூந்தலை வெட்டச் சொல்கிறார். அவர் இந்த உபதேசத்தைப் பொழிந்துகொண்டிருக்கும்போதே அறைக்குள் நுழைகின்றனர் அவருடைய மனைவியும் மகள்களும். பட்டும், வெல்வெட்டும், விலங்குமயிர்ப் போர்வையும். தலையில் சுருள்சுருளாக அலங்கரித்த முடி! ஆசிரியை ஒரு சொல்லும் விமரிசனம் எழுதவில்லை. அந்தப் பெண்களை வாயிலில் நிறுத்தினார், அது போதும்.

பின்னர் பள்ளியில் நச்சுக் காய்ச்சல் பரவுகிறது, பிள்ளைகள் மடிகின்றனர். இது வெறும் கற்பனையன்று. சார்லட் பயின்ற கோவன் பிரிட்ஜ் பள்ளியிலிருந்து நோயுற்றுத் திரும்பிய அவருடைய அக்காமார் மரியாவும் எலிசபெத்தும் 1825-ஆம் ஆண்டில் ஒருவர் பின் ஒருவராக இறந்தனர். மூத்தவளுக்கு வயது 11, இளையவளுக்கு 10. எழுதுகோலில் இருந்தது மை மட்டுமன்று.

இதைக் கண்டு சமயக் காவலர்கள் சும்மா இருப்பரா? 1848 டிசம்பரில் 'குவார்ட்டர்லி ரெவ்யூ' ஏட்டில் எலிசபெத் ரிக்பி அம்மையார் இதைக் கிறித்துவத்துக்கு மாறான நூல் என்று சாடினார். ஏழை தன் நிலையை எண்ணி முணுமுணுப்பது கடவுளின் ஏற்பாட்டை எதிர்ப்பதாகுமாம். சார்லட் நாத்திகரல்லர், கடைசிவரை சமயப் பற்றுடையவர். அவரே சுட்டிக் காட்டியபோது இத்தனை கூச்சல் எழுந்தது என்றால், புண் எங்கே இருந்தது என்பது தெளிவாகிறது.

ஆசிரியை நின்றுவிட்ட இடங்கள்

புகழ வேண்டியதைப் புகழ்ந்தோம். கண்டிக்க வேண்டியதையும் மறைக்கலாகாது. மூன்று இடங்களில் இந்தப் பெருநூல் தன் வழியிலிருந்து விலகுகிறது.

முதலாவது, பெர்த்தாவுக்கு நாவில்லை. கதை முழுவதும் அவள் உறுமுகிறாள், கடிக்கிறாள், தீ வைக்கிறாள். அவள் சொன்னதாகப் பிறர் சொல்கின்றனர். அவள் வாயிலிருந்து ஒரு வாக்கியமும் நேரே நம் செவியை எட்டுவதில்லை. சிவப்பு அறையில் பூட்டப்பட்ட சிறுமியின் நெஞ்சத் துடிப்பை அணு அணுவாக எழுதிய அதே கை, மேல்மாடியில் பூட்டப்பட்ட பெண்ணை விலங்கென்று வருணித்து விலகிவிடுகிறது. அடைபட்ட குழந்தை அலறியது அச்சத்தால் என்று அறிந்தவருக்கு, அடைபட்ட பெண் சிரித்தது எதனால் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க 119 ஆண்டுகள் ஆயின. டொமினிக்காத் தீவில் பிறந்த ஜீன் ரைஸ் 1966-இல் 'அகன்ற சர்காசோக் கடல்' எழுதி, பெர்த்தாவுக்கு அண்டுவானெட் என்ற பெயரையும் வரலாற்றையும் வாயையும் வழங்கினார்.

இரண்டாவது, பணத்தின் பிறப்பிடம். ஜமைக்காத் தோட்டங்களின் செல்வம் கரும்பில் விளைந்தது; கரும்பு அடிமைகளின் குருதியில் விளைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை 1833-இல் இயற்றியபோது, 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு! முதுகில் சவுக்கடி பட்டவருக்குச் சல்லிக் காசும் இல்லை. 'அடிமை' என்ற சொல்லை ஜேன் தன் துன்பத்துக்கு உவமையாகப் பலமுறை எடுத்தாள்கிறாள். மேசன் குடும்பத்துப் பணத்துக்காக உழைத்த அடிமைகளோ கதையில் தலைகாட்டுவதே இல்லை. ஜேனுக்கே கடைசியில் சிற்றப்பன் வழியே 20,000 பவுன் வருகிறது. மெடீராத் தீவில் வாணிபம் செய்து, மேசன் குடும்பத்தோடும் தொடர்பு வைத்திருந்தவர் அவர். அவள் அதை நான்கு பங்காக்கி உறவினர் மூவரோடு பகிர்ந்துகொள்வது பண்புடைமை. எனினும், உழைத்துத் தன்மானத்தோடு வாழத் தெரிந்தவளை விடுவிக்க மரபுரிமைப் பணத்தைத்தானா தேட வேண்டும்?

அவள் உழைத்து வாழ்ந்த பகுதி ஏட்டில் இருக்கிறது. பலர் வேகமாகப் புரட்டிவிடும் பகுதி அது. தார்ன்பீல்டை விட்டு வெளியேறிப் பட்டினி கிடந்த ஜேன், மார்ட்டன் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியையாகிறாள். இருபது மாணவியர், எல்லாம் உழவர் வீட்டுப் பிள்ளைகள், படிக்கத் தெரிந்தவர் மூவர். முதல் நாள், தன் நிலை தாழ்ந்துவிட்டதாக அவள் உள்ளம் குன்றுகிறது. அது தவறான உணர்ச்சி என்று தானே தன்னைத் திருத்திக்கொள்கிறாள். முரட்டுத் துணி உடுத்திய இந்தப் பிள்ளைகளும் சீமான் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றே அறிவு முளைக்கும் உயிர்கள் என்று தெளிகிறாள். முத்தமும் தீயும் நிறைந்த பக்கங்களைவிட இந்தச் சில பக்கங்கள் நம் இளைஞர்க்கு நெருக்கமானவை.

மூன்றாவது பிழை, ஆராய்ச்சியைக் கைவிட்ட பிழை. செயிண்ட் ஜான் என்ற பாதிரியார் இந்தியாவுக்குச் சமயப்பணி செய்யப் புறப்படுகிறார். ஜேனை மணந்து உடன் அழைத்துச் செல்ல விரும்புகிறார். காதலுக்காக அன்று, கடவுளின் ஊழியத்துக்குத் துணை வேண்டுமாம். மறுத்தால் மறுமையில் தண்டனை என்ற அச்சத்தையும் ஊட்டுகிறார். இந்த நாட்டு மக்களை 'மீட்க' வரும் மனிதர், பக்கத்தில் நிற்கும் பெண்ணின் உள்ளத்தை அறியாதவராக இருப்பதை நாம் குறித்துக்கொள்ளலாம். ஜேன் இசையும் நிலைக்கு வந்துவிடுகிறாள். அந்த நொடியில், நெடுந்தொலைவில் இருக்கும் ரோச்செஸ்டர் தன் பெயரை மும்முறை அழைக்கும் குரல் கேட்கிறது! அதே இரவில் அவனும் அழைத்ததாகப் பின்னர் தெரிகிறது. இது மூடநம்பிக்கையன்று, இயற்கையின் செயல் என்று ஜேன் சொல்லிக்கொள்கிறாள். எந்த இயற்கை? எவ்வாறு? விளக்கம் இல்லை. சிவப்பு அறை ஒளிக்குக் காரணம் தேடியவர், வழியில் வந்த நாய்க்குக் காரணம் காட்டியவர், இங்கே கதவை அடைத்துவிடுகிறார். பாதிரியாரிடம் "மாட்டேன்" என்று சொல்ல ஜேனுக்குத் தன் அறிவே போதாதா? விண்ணிலிருந்து குரல் வந்துதானா தடுக்க வேண்டும்?

சாவி யாரிடம்?

இறுதியில் தார்ன்பீல்டு எரிகிறது. தீ வைத்த பெர்த்தா கூரையிலிருந்து குதித்து மாய்கிறாள். காப்பாற்ற முயன்ற ரோச்செஸ்டர் பார்வையையும் ஒரு கையையும் இழக்கிறான். ஜேன் திரும்பி வந்து, உரிமையுள்ள மனைவியாக, தன் காலில் நிற்கும் பெண்ணாக அவனை மணக்கிறாள். நல்ல முடிவு என்று ஏட்டை மூடலாம். ஆனால் அந்த இல்லறம் ஒரு பெண்ணின் சாம்பல் மேல் எழுந்தது என்பதை மூடிவிட முடியாது.

ஆகவே இந்த ஏட்டைப் படியுங்கள் தோழர்களே, நண்பர்களுக்கும் கொடுங்கள். அதன் பனியிலும் நிலவிலும் மயங்கிப் படிப்பவர் படிக்கட்டும். நாம் இரண்டு கேள்விகளைக் கையில் பிடித்துக்கொண்டு படிப்போம். இங்கே பேய் என்று சொல்லப்படுவது எது? அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? சார்லட் முதற் கேள்விக்கு அஞ்சாமல் விடை கூறினார். இரண்டாவதைப் பாதிவழி விசாரித்து நின்றார். 38 வயதில், 1855-இல் மறைந்துவிட்ட அந்தப் பாதிரியார் மகள், தம் காலத்தில் நடந்த தொலைவு அது. அதற்கு மேல் நடக்க வேண்டியவர் படிப்பவரே.